மூன்று பூச்செண்டும் ஒரு டோபிக் கம்பியும்

2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, காலை ஏழு அடிக்கப் பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது, ஆனால் வானம் வெளுக்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டின் நான்காம் மாடி நடைபாதையில் தண்ணீர் தேங்கி நின்றது. மேல்மாடிக் குழாயிலிருந்து எங்கள் வாசலில் சொட்டிக்கொண்டே இருந்தது. குளியலறை வாளியில் ஐந்து நாளாக நின்றிருந்த மூன்று பூச்செண்டுகளையும் தூக்கிவந்து, சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்துக் கிடத்தினேன்.

மூன்றும் எங்கள் திருமணப் பொன்விழாவுக்கு வந்தவை. போன சனிக்கிழமை மாலைப் பூசையில் பாதிரியார் எங்களை முன்னால் கூப்பிட்டு ஆசீர்வதித்தார். ஒன்று கிள்ளானில் குடியிருக்கும் மகன் கொடுத்தது. ஒன்று ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து மகள் இங்குள்ள கடைக்குச் சொல்லி அனுப்பியது. மூன்றாவது எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் காசு சேர்த்து வாங்கியது. ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஐந்து நாளில் வாடுகிற பொருளைக் கொடுப்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. அரிசி கொடுத்திருக்கலாம்.

ரோஜாக்கள் எல்லாம் கழுத்து ஒடிந்திருந்தன. ஜெர்பராவின் தண்டு அழுகி, வாளித் தண்ணீர் நாறியது. தேறியவை செவ்வந்தி, கார்னேஷன், புகை மாதிரி இருக்கும் சின்ன வெள்ளைப் பூ, அப்புறம் யூகலிப்டஸ் இலை. இலைதான் அதிகம். கடைக்காரர்கள் இலையை வைத்துத்தான் பூவைப் பெரிதாகக் காட்டுகிறார்கள் என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் பூ அல்ல. மறுநாள் கழித்துச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகன் வருவதாக இருந்தது. அவன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. அங்கே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. சனிக்கிழமை நண்பகலுக்குள் ஆமாம் என்று சொல்லாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். என் மனைவியை அங்கே மூன்று மாதம் விடவேண்டும், அங்கே தினமும் கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று அவன் சொன்னான். அவள் வீட்டிலேயே தேறிவருகிறாள், எங்கேயும் அனுப்பத் தேவையில்லை என்று நான் சொன்னேன்.

மார்ச் மாதம், தவக்காலத்தில், சமையலறையில் நின்றபடியே அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு மூன்று வாரத்தில் திரும்பிவிட்டது, முன்னைவிடக் கூர்மையாக. கால் பாதி வந்தது. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போவாள். திரும்பி வரும்போது நான் தாங்கவேண்டும். கை வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி, எதையோ ஒளித்து வைத்திருப்பது போல் இருக்கும். பொது மருத்துவமனையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் பயிற்சி. மற்ற நாளெல்லாம் வீட்டில் நான்தான். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் கையை மூடித் திறக்கவேண்டும். ஒவ்வொரு வேளையும் பத்துத் தடவை. நான் எண்ணுவேன், அவள் முயற்சி செய்வாள். செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தவன் நான். திருகாணியும் வாஷரும் எண்ணியவனுக்கு இது பெரிய வேலை அல்ல.

பெரிய வேலை மற்றதெல்லாம். மாத்திரை, குளியல், துணி, சோறு, கஞ்சி, மறுபடியும் மாத்திரை. ஜூன் மாதம் குளியலறையில் அவளைத் தூக்கும்போது என் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. அதை நான் மகனிடம் சொல்லவில்லை. எழுபத்தேழு வயதில் முதுகு வலிப்பது செய்தி அல்ல.

தொலைபேசியில் மகனிடம், "அம்மா கை நல்லா வருது" என்று சொல்லிவைத்திருந்தேன்.

"எப்பிடி வருது? காட்டுங்கப்பா."

"சனிக்கிழமை வர்றீல்ல, அப்ப பாரு."

சொன்ன பிறகுதான் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. அந்த நேரத்தில்தான் பெர்த்திலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினாள். கூடவே அவள் குரலும் வந்தது: "அப்பா, பூவைத் தூக்கிக் குப்பையில போட்டுராதீங்க. இந்த வீடியோ பாருங்க, ரொம்ப ஈசி லா. ரிங் மாரி கட்டி சுவத்துல மாட்டலாம், காஞ்சாலும் அழகா இருக்கும். அம்மாவும் ரெண்டு கையும் வெச்சி செய்யட்டும், அவங்களுக்கும் எக்சர்சைஸ்."

காணொளியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காட்டுக்கொடியை வளைத்து வளையம் செய்தாள். பிரிக்பீல்ட்ஸில் காட்டுக்கொடிக்கு எங்கே போவது? பொன்விழாச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்த டோபிக் கடைக் கம்பி ஹேங்கர் ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதன் கொக்கியை விட்டுவிட்டு மீதியைப் பிளையரால் இழுத்து இழுத்து வட்டமாக்கினேன். முழு வட்டம் வரவில்லை, முட்டை வடிவில் நின்றது. பூ மறைத்துவிடும் என்று விட்டுவிட்டேன். கம்பி வழுக்காமல் இருக்கப் பழைய கைலித் துணியை நாடாவாகக் கிழித்து அதன்மேல் சுற்றினேன். கட்டுவதற்குக் கீழ்க்கடையில் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு ஓர் உருண்டை வாங்கினேன். அதை நகத்தால் கீறி, நூல் நூலாகப் பிரித்துக்கொண்டேன்.

முறை இதுதான்: தண்டை மூன்று விரல் நீளத்துக்கு வெட்டவேண்டும். இரண்டு இலை, ஒரு பூ, கொஞ்சம் வெள்ளைப் பொடிப்பூ, இவற்றைச் சேர்த்து ஒரு சின்னக் கட்டு. கட்டைக் கம்பியின்மேல் வைத்துத் தண்டைக் கட்டவேண்டும். அடுத்த கட்டின் தலை முந்தியதன் தண்டை மறைக்கும்படி வைத்துக் கட்டவேண்டும். இப்படியே ஒரே திசையில் சுற்றி வந்தால் கடைசித் தண்டு முதல் பூவின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்து நாலு கட்டு தேவைப்பட்டது.

அவளைக் கூட்டிவந்து மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். வளையத்தைப் பார்த்தாள்.

"என்னாங்க இது, மலர்வளையமா? எனக்கா, உங்களுக்கா?"

"வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு. சுவத்துல மாட்டுறதுக்கு. உன் மக சொல்லியிருக்கா."

"அவ பெர்த்துல இருந்து எது வேணும்னாலும் சொல்லுவா. பொன்விழா முடிஞ்சி ஒரு வாரம் ஆவல, மனுசன் மலர்வளையம் கட்டுறாரு."

"இந்தா, இதப் புடி. வலது கையால அமுக்கிக்க, இடது கையால சுத்து."

முதல் கட்டை அவள் வலது கையின் கட்டைவிரலுக்கடியில் வைத்தேன். விரல் அதன்மேல் கிடந்ததே தவிர அமுக்கவில்லை. இடது கையால் ராஃபியாவைச் சுற்றுவதற்குள் கட்டு நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். என் முதுகு என்னிடம் ஏதோ சொன்னது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது.

மூன்றாம் முறை வைத்துக்கொண்டே, "மூணு" என்றேன்.

"எண்ணாதீங்க. நீங்க எண்ணுனா விழுது."

"நான் எண்ணுறதுக்கும் விழுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது என் கையைத்தான் கேக்கணும்."

நாலாவது முறையும் விழுந்தபோது அவள் ஊன்றுகோலைத் தள்ளிவைத்துவிட்டு இடது கால் செருப்பைக் கழற்றினாள். வலது முன்கையை இடது கையால் தூக்கி, காகிதம் பறக்காமல் கல்லை வைப்பது போல், வளையத்தின்மேல் வைத்தாள். ராஃபியாவின் ஒரு நுனியை இடது கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். மறு நுனியை இடது கையால் சுற்றி, மல்லிகைச் சரம் கட்டும்போது போடுவார்களே, அந்தச் சுருக்கைப் போட்டு இழுத்தாள். கட்டு நின்றது. செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் கோயில் திருநாளுக்கு மாதா சுரூபத்துக்கு மாலை கட்டிய கால்விரல் அது. மறக்கவில்லை.

"கையால கட்டச் சொன்னேன். காலால இல்ல" என்றேன்.

"கட்டுனது நிக்குதுல்ல? உங்களுக்கு எது எதால கட்டுனா என்னா?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடி மூன்று கட்டு கட்டினாள். அப்புறம் நெற்றியெல்லாம் வியர்த்து, "போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். திரும்பி வந்து மேசையைப் பார்த்தால் பெரும் வட்டத்தில் ஒரு மூலை மட்டும் பச்சையாக இருந்தது. இதைச் சனிக்கிழமை மகனிடம் காட்டினால் என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரியும்.

மீதியை நான் கட்டினேன். அன்று மதியம் ஒன்பது, வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, இடுப்பில் தலையணை வைத்துக்கொண்டு. யூகலிப்டஸ் பிசின் விரலில் ஒட்டி, சாப்பிடும்போது சோற்றில் தைலம் மணத்தது. அலுப்பாக இருந்தது. இது எதற்கு, ஒரு பூவளையத்தால் என்ன நிரூபிக்கப்போகிறோம் என்று நடுவில் இரண்டு முறை தோன்றியது. ஆனால் கட்டில் காலியாக இருக்கும் அந்த இல்லத்தை நினைத்தபோதெல்லாம் அடுத்த கட்டை எடுத்தேன். அவள் இல்லாமல் இந்த ஃபிளாட்டில் காலையில் எழுந்து யாருக்கு மாத்திரை எடுத்துவைப்பது? அதை நான் மகனிடம் ஒரு காரணமாகச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை, வளையத்தை ஹாலில் நாள்காட்டி தொங்கிய ஆணியில் மாட்டினேன். தூரத்திலிருந்து பார்க்க மோசமில்லை. முட்டை வடிவம்கூட வேண்டுமென்றே செய்தது போல் தெரிந்தது.

"நாளைக்கு அவன் கேட்டா நீ கட்டுனேன்னு சொல்லு" என்றேன்.

"பொன்விழாவுல என்னாத்த சத்தியம் பண்ணோம்? இப்ப பொய் சொல்லச் சொல்றீங்க."

"பொய் எங்க? மூணு கட்டு உன்னுதுதான?"

"அப்ப மூணுன்னே சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

அவள் வளையத்தையே பார்த்தாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மகன் இருபது நிமிடம் தாமதமாக வந்தான். கிள்ளானிலிருந்து தோசை தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தான், பிரிக்பீல்ட்ஸில் தோசை கிடைக்காதது போல. துறைமுகத்தில் வேலை செய்கிறவன். நாற்பத்தெட்டு வயதில் அவனுக்கும் முடி நரைத்துவிட்டது. உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தான்.

"ஏ, அழகா இருக்கே. யார் கட்டுனா?"

"அம்மா" என்றேன்.

"நெசமாவா?" என்று எழுந்துபோனான். ஆணியிலிருந்து வளையத்தை எடுத்தான். முன்பக்கத்தைப் பார்த்தான். பிறகு திருப்பினான்.

பூவளையத்தை யாராவது திருப்பிப் பார்ப்பார்களா? நான் முன்பக்கத்துக்காக இரண்டு நாள் உழைத்திருந்தேன். பின்பக்கத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. அங்கே வரிசையாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் என் முடிச்சுகள். இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, நுனியை அடியில் செருகி இறுக்கி, கால் அங்குலம் விட்டு வெட்டு. ஸ்டோரிலிருந்து போன ஒவ்வொரு பார்சலும் முப்பத்தொரு வருஷம் அந்த முடிச்சோடுதான் போனது. வீட்டில் பள்ளிப் புத்தகக் கட்டும் அதே முடிச்சுதான்.

மகன் சிரித்தான். "அப்பா, ஃபார்ம் சிக்ஸ் ஹாஸ்டலுக்குப் போனப்ப என் பெட்டிய நீங்கதான கட்டிக் குடுத்தீங்க? அவுக்க முடியாம நாலு பேர் உக்காந்து பாத்தோம். கடைசியில கேன்டீன் ஆன்டிக்கிட்ட கத்தி வாங்கி அறுத்தேன். அதே முடிச்சு."

நான் தோசைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மூணு மட்டும் வேற மாதிரி இருக்கே."

"அதான் என்னுது" என்றாள் அவள்.

"அம்மா, வலது கையாலயா கட்டுனீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வலது கை சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சி. காலுதான் கட்டுச்சி."

மகன் மறுபடி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான். வளையத்தை மேசைமேல் வைத்தான். நான் சட்னியை மூன்று கிண்ணத்தில் சரியாகப் பங்கிட்டேன்.

"தம்பி, அந்த எடத்துல கட்டில் இன்னும் இருக்கா?" என்று அவனிடம் கேட்டாள்.

"இருக்கும்மா. பன்னெண்டுக்குள்ள சொல்லணும்."

"சொல்லிரு. நான் போறேன்."

"யாரைக் கேட்டு?" என்றேன்.

"நீங்க யாரைக் கேட்டு வேணாம்னீங்க?"

மே மாதத்திலிருந்து இந்தப் பேச்சு நடக்கிறது. நானும் மகனும் தொலைபேசியில் பேசினோம், மகளோடு பேசினோம், மருத்துவமனையில் பேசினோம். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வருஷமாக இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் வீட்டில் நான்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன், அதனால் இதற்கும் சொல்லிவிட்டேன்.

"அஞ்சி மாசம் வீட்ல செஞ்சாச்சி. என்னா வந்துச்சி? இவரு பத்து எண்ணுறாரு, என் கை நாலுலயே தூங்கிருது. இவரு முகத்தப் பாத்தா எனக்கு கைய நீட்டவே பயமா இருக்கு, பெயிலாயிட்டா என்ன செய்றதுன்னு."

"நான் எப்ப திட்டுனேன்?"

"திட்டல. திட்டுனாலும் பரவால்ல. பெருமூச்சு விடுறீங்க." மகன் பக்கம் திரும்பினாள். "இவரு முதுகக் கேளு. ஜூன்லருந்து தரையில படுக்குறாரு. கேட்டா கட்டில் சூடா இருக்காம். என்னைத் தூக்கும்போது பல்லக் கடிக்கிறது எனக்கு கேக்காதுன்னு நெனக்கிறாரு. கைதான் போச்சி, காது எங்கயும் போவல."

மகன் என்னைப் பார்த்தான். நான் மணியைப் பார்த்தேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். அவன் வெளியே நடைபாதைக்குப் போய்த் தொலைபேசியில் பேசினான். நாங்கள் இருவரும் தோசையைச் சாப்பிட்டோம். ஆறிப்போயிருந்தது. நான் பிட்டுக் கொடுக்க, அவள் இடது கையால் எடுத்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை, 18ஆம் தேதி, அவளைக் கிள்ளானில் விட்டோம். மகன் பாதிப் பணம் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். என்னையும் அவன் வீட்டிலேயே தங்கச் சொன்னான், அதையும் வேண்டாம் என்றேன். காலையில் கொம்யூட்டர் புறநகர் ரயிலில் போய் மாலையில் திரும்புவதாக ஏற்பாடு. முதியவர்களுக்கு அரைக் கட்டணம்.

முதல் வாரம் வீட்டில் நான் செய்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை நேரத்துக்கு எழுந்துகொண்டேன், மாத்திரை இல்லை. கட்டிலில் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை, தரைக்கே போனேன். சுவரில் வளையம் காய ஆரம்பித்திருந்தது. தினமும் காலையில் அதன் கீழே கூட்டினேன். ஒரு கைப்பிடி இதழ், இரண்டு இலை. ஹால் முழுக்கத் தைலவாசனை, யாருக்கோ உடம்பு சரியில்லாத வீடு போல.

இல்லத்தில் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவள் முறையே வேறாக இருந்தது. என் மனைவியின் நல்ல கைக்கு, இடது கைக்கு, தடித்த உறை ஒன்றை மாட்டி நாளுக்குச் சில மணி நேரம் அதை முடக்கிவிடுகிறாள். வேறு வழியில்லாமல் வலது கை வேலை செய்தாகவேண்டும். எனக்கு அநியாயமாகத் தோன்றியது. கொடுத்த வேலையும் பிடிக்கவில்லை: துணிக்கிளிப்பை எடுத்துக் கிண்ணத்தில் போடுவது. குழந்தைகள் விளையாட்டு. என் மனைவிக்கும் அலுத்துவிட்டது போல. இரண்டாம் வாரம் என்னிடம் சொன்னாள்:

"ஏங்க, நாளைக்கி வரும்போது அந்த வளையத்தக் கொண்டாங்க."

"எதுக்கு? எல்லாம் கொட்டிப்போச்சு."

"பூ யாருக்கு வேணும்? முடிச்சு வேணும்."

பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் பையையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்: "அங்கிள், யார் தவறிட்டாங்க?"

"யாரும் இல்லம்மா. அவுக்கக் கொண்டுபோறேன்."

அவளுக்கு அது புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஷா ஆலம் நிலையம் வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இடது கையில் உறை போட்டு, காலில் செருப்பும் போடச்சொல்லி, என் மனைவி முன் அந்த வளையத்தை வைத்தார்கள். அவள் கட்டிய மூன்று முடிச்சும் முதல் நாளே பிரிந்துவிட்டன. பூச்சரச் சுருக்கு, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் போதும். இழுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது, ஆனால் வலது கைதான் இழுத்தது. அடுத்தது என்னுடையது.

"இது பூக்கட்டா, கூட்ஸ் வண்டியா? இப்படி இறுக்கி வெச்சா எவ அவுப்பா?"

"நான் வேணும்னா கொஞ்சம் தளர்த்தி வைக்கட்டுமா?" என்று கையை நீட்டினேன்.

பயிற்சிப் பெண் என் கையை மெதுவாகத் தள்ளினாள். "அங்கிள், தொடாதீங்க. இது நல்லா இருக்கு. இப்படி இறுக்கமா ஒண்ணு கட்ட எனக்கே தெரியாது."

பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. தள்ளி உட்கார்ந்தேன். எண்ணவும் கூடாது என்று உத்தரவு. என் மனைவியின் ஆள்காட்டி விரல் நகம் முடிச்சில் போய் முட்டும், வழுக்கும், திரும்பிப் போகும். காய்ந்த செவ்வந்தி பொடியாக உதிர்ந்து அவள் மடியில் விழும். பெருமூச்சு வரும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய் விட்டுவிட்டு வந்தேன். என் முதல் முடிச்சு பிரிய ஒன்பது நாள் ஆயிற்று. அது பிரிந்த நேரத்தில் நான் அறையில் இல்லை, வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளிருந்து, "ஏங்க!" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சிவப்பு ராஃபியா நூல் ஒன்று அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நடுங்கியது. ஆனால் பிடித்திருந்தது.

"இந்தாங்க, உங்க சாமான்" என்று நீட்டினாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது என்று எழுதினால் பொய். சில முடிச்சுக்கு நாலு நாள், சிலதற்கு ஒரு வாரம். நடுவில் பத்து நாள் அவளுக்குச் சளி, கை பின்னுக்குப் போய்விட்டது. நானும் முதுகுக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மகன் கார் அனுப்புகிறேன் என்று சொன்ன நாளிலும் ரயிலில்தான் போனேன். ரயிலில் நிமிர்ந்து உட்காரலாம்.

நவம்பர் 17, திங்கட்கிழமை, மழையில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்று லிஃப்ட் வேலை செய்தது, அதுவே பெரிது. அவள் வலது கையால் அரை டம்ளர் காப்பியைத் தூக்குகிறாள். முழு டம்ளர் என்றால் சிந்துகிறது. பொத்தான் போட வரவில்லை. வரும் என்று அந்தப் பெண் சொல்கிறாள். வராமலும் போகலாம் என்பதையும் அவளே சொன்னாள். தூக்குவதற்கு இப்போது நான் அவ்வளவாகத் தேவையில்லை. குளியலறைக்குத் தானே போய்த் தானே வருகிறாள், நான் வாசலில் நிற்கிறேன்.

வளையத்தைப் பையிலிருந்து எடுத்து அவளே பழைய ஆணியில் மாட்டினாள். மூன்றாவது முயற்சியில் மாட்டியது. கைலித் துணி சுற்றிய கம்பிதான் பெரும்பாலும். ஒரு பக்கத்தில் மட்டும் எட்டுக் கட்டு, பழுப்பு இலையும் காம்புமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அறுத்துப் போட்டுறலாமா? குப்பை சேருது" என்றேன்.

"கத்திய வெச்சீங்கன்னா பாருங்க. மிச்சத்த இங்க உக்காந்து அவுத்துக்கிறேன்." கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் பக்கத்துல உக்காரலாம். வாய் தொறந்து எண்ணக்கூடாது" என்றாள்.

வாய் திறக்காமல் எண்ணினேன். இல்லத்துக்கு மாதம் 2,600 வீதம் மூன்று மாதம், 7,800 ரிங்கிட். எழுபத்தொரு நாள் ரயில், போகவர ஐந்து வீதம், 355. என் முதுகு பெல்ட் 120. ராஃபியா உருண்டை மூன்று ரிங்கிட் ஐம்பது சென். ஹேங்கரை டோபிக்காரர் திருப்பிக் கேட்கவில்லை. ஆகமொத்தம் 8,278 ரிங்கிட் 50 சென்.